நல்லிரவுச் செடி



சென்ற இதழில் செம்பருத்தியைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் நம்மவர் ‘கிறிஸ்துமஸ் செடி’ என்று அழைக்கும் பாயின்செட்டியாவைப் பற்றி எழுத முற்படுகிறேன். செப்டம்பர் மாதத்தில் கிறிஸ்துமஸ் செடியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். டிசம்பரில் அது சிவந்து நிற்க வேண்டுமானால், அதற்கு வேண்டியதை நாம் செய்யத் தொடங்க வேண்டிய காலம் இதுதான். டிசம்பரில் எழுதினால், நடந்த தவற்றுக்கு வருந்தத்தான் பயன்படும். அப்படி வருந்தியவன் நான். ஆகவே என் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆலயம் மலைப்பகுதியில் உள்ளது. ஆலய முற்றத்தில் மாதா கெபி ஒன்று உண்டு. அதன் இருமருங்கிலும், எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தை ஒருவர் நட்டுவைத்த எட்டுப் பாயின்செட்டியாச் செடிகள் ஆளுயரத்திற்கு வளர்ந்து நின்றன. ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் அவை மெல்லச் சிவக்கத் தொடங்கும். நள்ளிரவுத் திருப்பலிக்கு மக்கள் வரும்போது கெபி செந்நிறப் பட்டு உடுத்தியதுபோல் இருக்கும். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம், யாரும் கவனிக்காத இடத்தில், இன்னும் மூன்று நான்கு செடிகள் தாமாகவே வளர்ந்து கிடந்தன.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், மாதாவின் விண்ணேற்பு விழாவன்று, கெபிக்கு முன்னால் உயரமான கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஏற்றிவைத்தோம். வெளிநாட்டில் பணிபுரியும் பங்கு மகன் ஒருவர், காலமான தம் அன்னையின் நினைவாக அளித்த காணிக்கை அது. அந்தி சாய்ந்ததும் தானே எரிந்து, விடிந்ததும் தானே அணையும் வகை. கெபி இரவெல்லாம் பகல்போல் விளங்கிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது.

அவ்வாண்டு டிசம்பர் வந்தது. கெபியைச் சுற்றிய எட்டுச் செடிகளும் பச்சைப் பசேலென்று நின்றன. ஓர் இலைகூடச் சிவக்கவில்லை என்றே எனக்குத் தோன்றிற்று. கல்லறைச் சுவரோரத்துச் செடிகளோ நீரும் எருவும் காணாமலே கொழுந்துவிட்டு எரியும் தீயைப்போல் சிவந்திருந்தன.

எங்கள் கோயிற்பிள்ளை எழுபது வயதைக் கடந்த பெரியவர். மணி அடிப்பது முதல் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவது வரை அனைத்தும் அவர் பொறுப்பே. குடில் அமைக்க வந்திருந்த இளைஞர்களும் பெண்களும் சூழ்ந்து நிற்க, அவரை நான் கடிந்துகொண்டேன். “பெரியவரே, கவனிக்காமல் விட்டது அங்கே சிவந்திருக்கிறது, உம்மிடம் ஒப்படைத்தது இங்கே இப்படி நிற்கிறது. மாதாவுக்கு முன்னால் நிற்கும் செடிக்கு நேரத்திற்குத் தண்ணீர் ஊற்றக்கூட உமக்கு முடியவில்லையா?” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை; தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை திருப்பலிக்கு முன் சக்கிரீஸ்தில் என்னருகே வந்து, தணிந்த குரலில், “சாமி, தப்பா நினைச்சுக்காதீங்க. ராத்திரி முழுக்கப் பகல் மாதிரி வெளிச்சம் இருந்தா அந்தச் செடி எப்பத்தான் தூங்கும்?” என்றார். நான் சிரித்துவிட்டேன். “செடி தூங்குவதாவது! போய் மணியை அடியும்” என்றேன்.

செடி உண்மையில் தூங்கத்தான் காத்திருந்தது என்பதை அறிய எனக்கு இன்னும் சில நாட்கள் தேவைப்பட்டன. அதற்குமுன் அச்செடியின் குலத்தையும் பிறந்த ஊரையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பாயின்செட்டியாவின் தாவரவியல் பெயர் யூஃபோர்பியா புல்கெரிமா. ‘புல்கெரிமா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘மிக அழகியது’ என்பது பொருள். பெயர் பெரிதாயினும் இதன் உறவினர் அனைவரும் நமக்கு அறிமுகமானவரே. வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும், வாசலோரம் தரையில் படர்ந்து கிடக்கும் அம்மான் பச்சரிசியும் இதே யூஃபோர்பியா இனத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகியவை சற்றுத் தொலைவான உறவுகள். கிள்ளினால் பால் வடிவது இக்குடும்பத்தில் பலவற்றுக்கும் பொதுவான அடையாளம்.

இன்னோர் உறவினரையும் குறிப்பிட வேண்டும. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட முட்கிரீடச் செடி நம் இல்லங்கள் பலவற்றில் தொட்டிகளில் வளர்கிறது. முள் நிறைந்த தண்டும், துளி இரத்தம் போன்ற சிறு சிவப்புப் பூக்களும் உடையது. அதுவும் யூஃபோர்பியாவே. ஆண்டவரின் திருமுடியில் சூட்டப்பட்டது அச்செடி என்று சிலர் நம்புகின்றனர். தொலைவிலுள்ள தீவுக்கு உரிய செடியாதலால் அது பொருந்தாது. தோற்றம் பற்றி வந்த பெயரே அது. எனினும் மாட்டுத் தொழுவத்தை நினைவூட்டும் செடியும் கல்வாரியை நினைவூட்டும் செடியும் ஒரே இனத்தில் பிறந்திருப்பது, திருச்சிலுவையின் மகிமை விழாவும் வியாகுல மாதா திருநாளும் வரும் இச்செப்டம்பர் மாதத்தில் நம் சிந்தனைக்குரியது.

சிவந்து தோன்றுவது பாயின்செட்டியாவின் பூ என்று பலரும் கருதுகின்றனர். அன்று. அவை இலைகளே. பூக்களை அடுத்து வரும் மேலிலைகள் நிறம் மாறிச் சிவக்கின்றன. தாவரவியலார் அவற்றைப் பூவடிச்செதில்கள் என்பர். உண்மையான பூ, அச்சிவப்பு வட்டத்தின் நடுவில் மிளகளவான பச்சைக் கிண்ணங்களாய்க் கொத்தாக அமர்ந்திருக்கும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரே ஒரு பெண்பூவும், அதனைச் சூழ்ந்து பல ஆண்பூக்களும் உண்டு. கிண்ணத்தின் ஓரத்தில் மஞ்சள் நிறமான உதடுபோல் ஒரு தேன்சுரப்பி இருக்கும். இதழ் என்று ஒன்று அப்பூவுக்குக் கிடையாது. இதழில்லாத பூவுக்காக இலைகள் தம்மை அலங்கரித்துக்கொண்டு பறவைகளையும் பூச்சிகளையும் அழைக்கின்றன. தன் வீட்டில் எளியவர் ஒருவர் இருந்தால் மற்றவர் அனைவரும் அவருக்காக முன்வந்து நிற்பது போன்ற ஏற்பாடு இது.

இதன் தாயகம் மெக்சிகோ நாடு. அந்நாட்டின் பசிபிக் கடலோரச் சரிவுகளில் இது பத்து அடிக்கு மேலும் உயர்ந்து காடாக வளர்கிறது. ஐரோப்பியர் வருமுன்னரே அங்கு வாழ்ந்த அஸ்தெக் மக்கள் இதனைக் க்வெத்லஷோச்சித்ல் என்றழைத்தனர். செந்நிற இலைகளிலிருந்து சாயமும், பாலிலிருந்து காய்ச்சலுக்கு மருந்தும் எடுத்தனர் என்பர். பின்னர் 17ஆம் நூற்றாண்டில், தாஸ்கோ பகுதியிலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர், கிறிஸ்து பிறப்பு விழாப் பவனிகளில் இச்செடியைக் கொண்டு அலங்கரித்ததாகச் சொல்லப்படுகிறது. விழா வரும் காலமும் செடி சிவக்கும் காலமும் ஒன்றாக அமைந்ததே அதற்குக் காரணம்.

அந்நாட்டு மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. ஏழைச் சிறுமி ஒருத்தி பாலன் இயேசுவுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல், வழியோரத்துக் களைச்செடிகளைப் பிடுங்கிக் கட்டி, வெட்கத்தோடு பீடத்தின் முன் வைத்தாளாம். வைத்த இடத்தில் இலைகள் செந்தீயாய்ச் சிவந்தனவாம். கதை கதையே. ஆயினும் அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நேரம் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவு என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். ஏனெனில் ஸ்பானிய மொழியில் அவ்விரவுக்கு ‘நோச்சே புவேனா’ என்று பெயர். ‘நல்ல இரவு’ என்பது அதன் பொருள். மெக்சிகோ மக்கள் இச்செடியையும் அதே பெயரால் அழைக்கின்றனர். நல்லிரவுப் பூ! இதைவிடப் பொருத்தமான பெயர் இதற்கு வாய்த்திருக்க இயலாது என்பதைப் பின்னர் காண்போம்.

பாயின்செட்டியா என்னும் பெயர் பிற்காலத்தது. 1825 முதல் 1829 வரை மெக்சிகோவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தூதராக இருந்தவர் ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட். தாவரங்களில் ஆர்வம் மிக்க இவர் இச்செடியைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். 1829ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நடந்த மலர்க் காட்சியில் அது முதன்முதலாகப் பலர் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவரோ அந்நாட்டு அரசியலில் தலையிட்டார் என்னும் மனக்குறையால், மெக்சிகோ அரசே அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. ஆகவே மெக்சிகோவினர் தம் செடிக்கு அவர் பெயர் வழங்குவதைப் பெரிதும் விரும்புவதில்லை. அவர் இறந்த நாள் 1851 டிசம்பர் 12. அதே டிசம்பர் 12ஆம் நாள்தான் மெக்சிகோ மக்கள் தங்கள் பாதுகாவலியாகிய குவாதலூப்பே அன்னையின் திருநாளைக் கொண்டாடுகின்றனர். 1531இல் அன்னை எளிய மனிதராகிய ஹுவான் தியேகோவுக்குக் காட்சியளித்து, குளிர்காலத்தில் ரோசா மலர்களைப் பறிக்கச் செய்தார் என்பது அவர்களின் மரபு. 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நிற்க. எங்கள் கெபிக்குத் திரும்புவோம்.

அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டிருந்தபோது, நான் கெபியின் பின்புறமாக நடந்துசென்றேன். கடைசிச் செடியின் இரண்டு கிளைகள் கெபியின் பாறைக்குப் பின்னால் வளைந்திருந்தன. விளக்கின் ஒளி அங்கே விழவில்லை. பாறையின் நிழல் மூடியிருந்தது. அவ்விரண்டு கிளைகள் மட்டும் சிவந்திருந்தன. ஒரே வேர், ஒரே மண், ஒரே தண்ணீர். ஒளி பட்ட பக்கம் பச்சை. இருள் மூடிய பக்கம் சிவப்பு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

விழா முடிந்தபின் நூல்களைத் தேடிப் படித்தேன். கோயிற்பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொன்னதை அறிவியல் அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருந்தனர். கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், ஒருவகைப் புகையிலை கோடை முழுவதும் பூக்காமல் வளர்ந்துகொண்டே செல்வதைக் கண்டனர். அதனை நாள்தோறும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பகலின் அளவைக் குறைத்தபோது உடனே பூத்தது. செடிகள் நாளின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்னும் உண்மையை அவர்கள் 1920இல் வெளியிட்டனர். பின்னர் 1938இல் ஹாம்னர், பானர் என்னும் இருவர், நம் தரிசு நிலங்களில் ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முட்காயை உடைய மருளூமத்தைச் செடியைக்கொண்டு இன்னும் ஆழமாக ஆராய்ந்தனர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி காட்டினாலே அச்செடி பூக்க மறுத்தது. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினால் அதனை அது பொருட்படுத்தவில்லை. ஆகவே செடி அளப்பது பகலை அன்று, இரவையே. அதுவும் இடையறாத இரவை. இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை உணர்ந்து இக்கணக்கை நடத்துகிறது என்பதும் 1959இல் தெளிவாயிற்று.

பாயின்செட்டியாவும் இவ்வகையினதே. இரவு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டியதும் அதன் நுனியில் மாற்றம் தொடங்குகிறது. அதிலிருந்து எட்டு முதல் பத்து வாரங்களில் முழுச் சிவப்பு வருகிறது. நம் தமிழ்நாட்டில் ஜூன் மாதத்து இரவு பதினொன்றேகால் மணி நேரத்திற்கு அருகில். டிசம்பர் இறுதியில் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம். வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்திற்குள்தான். நமக்கு அது தெரிவதே இல்லை. செடிக்குத் தெரிகிறது. அந்தச் சிறு வேறுபாட்டை நம்பியே அது ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது. நான் ஏற்றிவைத்த விளக்கு அதனை முற்றிலும் பறித்துவிட்டது. எட்டுச் செடிகளும் டிசம்பர் மாதத்திலும் கோடை என்றே எண்ணி நின்றன.

அறிந்தபின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. கோயிற்பிள்ளையின் இல்லத்திற்குச் சென்றேன். பலர் முன்னிலையில் கடிந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கைகூப்பி எழுந்து நின்றார். “நீங்க போயி இதுக்கெல்லாம் வரணுமா சாமி?” என்றார். விளக்குதான் காரணமென்று அறிந்தும் ஏன் அதனை அணைத்துவைக்கவில்லை என்று வினவினேன். “பெத்த தாயை நினைச்சு ஒரு பிள்ளை குடுத்த வெளக்கு. அதை நான் எப்படி அணைப்பேன்? அதைவிட நான் ஏச்சு வாங்கிக்கிறது மேல் இல்லையா?” என்றார். குருமடத்தில் பல ஆண்டுகள் கற்ற எனக்கு அன்று வேறு பாடம் தேவைப்படவில்லை.

ஆனால் அவரைத் தடுத்த அதே தயக்கம் அடுத்து எனக்கும் வந்தது. காணிக்கையாக வந்த விளக்கை அணைப்பது எளிதன்று. நோக்கம் செடியாயினும், ‘எங்கள் அம்மாவின் விளக்கைச் சாமியார் அணைத்துவிட்டார்’ என்றுதான் குடும்பத்தார் மனத்தில் படும். பல நாள் தள்ளிப்போட்டேன். இறுதியில் 2022ஆம் ஆண்டு தவக்காலத்தில் அக்குடும்பத்துப் பெரியவரைச் சந்தித்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மகனுக்கும் எழுதினேன். மகனிடமிருந்து நெடுநாள் விடை வரவில்லை. அவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். பின்னர் ஒரு நாள் கடிதம் வந்தது. தம் சிறுவயதில் அன்னை சிம்னி விளக்கு ஒன்றை மட்டும் ஏற்றி, அதன் சிற்றொளியில் பிள்ளைகளை அமர்த்திச் செபமாலை சொல்வித்ததையும், வெளிச்சம் குறைவாக இருந்ததாலேயே அனைவரும் நெருங்கி அமர்ந்ததையும் அதில் எழுதியிருந்தார். ‘அம்மாவின் விளக்கு யாருக்குப் பயன்படுமோ அங்கே இருக்கட்டும்’ என்று முடித்திருந்தார்.

சாலையிலிருந்து ஆலயத்திற்கு ஏறிவரும் கற்படிகளில் இரவு நேரங்களில் முதியவர்கள் தடுமாறுவதுண்டு. விளக்கை அங்கே மாற்றி, ஒளி படிகளின்மீது மட்டும் விழும்படி மேலே தகட்டு மூடியும் பொருத்தினோம். அவ்வாண்டு அக்டோபர் மாதச் செபமாலையைக் கெபியின் முன் மெழுகுவர்த்தி ஒளியில் சொன்னோம். அன்னையை இழந்த அக்குடும்பம் முதல் வரிசையில் நின்றது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில், நீர் தேங்கி வேரழுகி மடிந்த ஒன்றைத் தவிர, ஏழு செடிகளும் சிவந்தன.

இனி, இச்செடியை வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சிவப்பு உதிர்ந்தபின், கிளைகளைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவிட்டால் செடி ஒட்டடைக் கம்புபோல் நெடிதாய் வளர்ந்து, உச்சியில் மட்டும் நாலு இலை காட்டும். வெட்டிய முற்றிய குச்சிகளையே நடலாம். ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு நறுக்கி, வடியும் பால் உலரும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும். கீழ்நுனி கீழாகவே இருக்க வேண்டும் என்பதைச் சிறுவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றும் கலந்த, நீர் வடியும் மண் ஏற்றது. மேல்மண் காய்ந்தபின்னரே நீர் ஊற்ற வேண்டும். எங்கள் எட்டாவது செடியைக் கொன்றது வறட்சி அன்று. அன்பு மிகுதியால் ஊற்றிய நீரே. பகலில் நல்ல வெயில் வேண்டும். இரவில் இருள் வேண்டும் என்பதற்காகப் பகலிலும் நிழலில் வைத்தால் செடி நலியும். புதுத்தளிர் அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பெருகும். ஆகஸ்டு இறுதியோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் கிள்ளினால் சிவக்க வேண்டிய நுனியையே இழந்துவிடுவோம். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் தோன்றினால், வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

இம்மாதம் 22, 23ஆம் நாட்களில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும். அதற்குமுன் ஒருநாள் இரவு உங்கள் செடியருகே செபப் புத்தகத்துடன் சென்று நின்று பாருங்கள். எழுத்துகளை வாசிக்க முடிந்தால் அங்கே வெளிச்சம் அதிகம் என்று கொள்ளுங்கள். இது நானே கண்டுகொண்ட எளிய அளவுகோல். நிலவொளியால் தீங்கில்லை. தெருவிளக்கு, வாசல் விளக்கு, சாளரத்தின் வழி வரும் வெளிச்சம் ஆகியவையே கெடுப்பவை. தொட்டிச் செடியானால், அக்டோபர் தொடக்கத்திலிருந்து மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை அட்டைப் பெட்டியால் மூடியோ, விளக்கேற்றாத அறையில் வைத்தோ, பின்னர் வெயிலில் எடுத்துவைக்கலாம். இலைகள் நன்கு சிவக்கும்வரை, இரண்டு மாதங்களுக்கு ஒருநாளும் தவறாமல் இதனைச் செய்ய வேண்டும். சமவெளியில் வாழ்வோர் ஒன்றை நினைவிற்கொள்க: இரவின் வெப்பம் மிகுந்தால் சிவப்பு தாமதமாகும். கிறிஸ்து பிறப்புக்கு வராமல் பொங்கலுக்கு வந்தாலும் வருந்த வேண்டாம்.

இச்செடி கொடிய நஞ்சு என்று பலர் அஞ்சுகின்றனர். 1919இல் ஹவாய்த் தீவில் குழந்தை ஒன்று இதன் இலையைத் தின்று இறந்ததாகப் பரவிய செய்தியே அவ்வச்சத்தின் வேர். அச்செய்தி உண்மையன்று என்று பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவில் பதிவான 22,793 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரை, அவற்றுள் ஒன்றிலும் உயிரிழப்பு இல்லை என்று காட்டிற்று. ஆயினும் இதன் பால் தோலில் அரிப்பையும், கண்ணில் பட்டால் எரிச்சலையும் உண்டாக்கும். தின்றால் வாந்தி வரலாம். கவாத்து செய்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நம் வீட்டு வாசல்களில் அச்சமின்றி வளர்க்கும் அரளியே உண்மையில் உயிரைக் கொல்லும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டார் அதனிடத்தில் எச்சரிக்கையாய் இருப்பது நலம்.

முடிவாக ஒரு சொல். மறைநூலில் இருள் என்பது பெரும்பாலும் பாவத்திற்கும் துன்பத்திற்கும் அடையாளமாக வருகிறது. அது உண்மையே. ஆயினும் படைப்பின் முதல் நாளில் இறைவன் ஒளியை உண்டாக்கியபோது இருளை ஒழித்துவிடவில்லை. அதற்கு இரவு என்று பெயரிட்டு, அதற்குரிய இடத்தையும் அளித்தார். இடையர்கள் கிடைக்குக் காவல் இருந்த இரவில்தான் மீட்பரின் பிறப்பு அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 14ஆம் நாள் நாம் நினைவுகூரும் சிலுவை யோவான், தொலேதோ நகரில் சிறையின் இருட்டில் அடைபட்டிருந்த நாட்களில்தான் தம் அரிய ஞானப் பாடல்களை இயற்றத் தொடங்கினார்.

நம் இல்லங்களிலோ இரவு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. நள்ளிரவுவரை திரைகள் ஒளிர்கின்றன. கைப்பேசி தலையணைக்கடியிலும் விழித்திருக்கிறது. பிள்ளைகள் உறங்கும் நேரம் குறைகிறது. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசும் நேரம் குறைகிறது. செபத்திற்கு வேண்டிய அமைதியும் குறைகிறது. துக்கம் நேர்ந்த வீட்டிலும், அழுகிறவரைச் சற்று நேரம் அழவிடாமல், ஆறுதல் என்னும் பெயரால் விளக்கை ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். இவையெல்லாம் நல்ல நோக்கத்தோடு ஏற்றும் விளக்குகளே. நான் ஏற்றியதும் அத்தகையதே. பின்னர், எதிர்பார்த்த சிவப்பு வராதபோது, பிள்ளையையோ, மருமகளையோ, வேலைக்காரரையோ பலர் முன்னிலையில் கடிந்துகொள்கிறோம்.

அடுத்தமுறை அவ்வாறு கடிய நேரும்போது, நாம் ஏற்றிவைத்த விளக்கு ஏதேனும் அங்கே எரிந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். அருகில் நின்று அமைதியாய் வேலை செய்கிறவர் ஏதேனும் சொன்னால் சிரித்து ஒதுக்காமல் கேட்போம்.

இவ்வாண்டும் அக்டோபர் மாதத்தில் எங்கள் கெபியின் முன் மெழுகுவர்த்திகள் மட்டுமே எரியும். கோயிற்பிள்ளை இப்போதே நினைவூட்டிவிட்டார். நல்லிரவின் ஆண்டவர் உங்கள் இல்லங்களுக்கு அமைதியான இரவுகளை அருள்வாராக.